செல்லிடம் சொன்னதும் ஸ்டேஷனில் கேட்டதும்

எனக்கு ஆட்களிடம் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். தருவைகுளத்து வேதக்கோயிலில் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட சாமியார் இரண்டு தடவை கேட்டால்தான் வாய் திறப்பேன். செல்லில் ஏஐ வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்லும். முகம் பார்க்க வேண்டாம். சாமியாரிடம் சொன்னது போல இதுவும் வெளியே போகாது என்று நினைத்துவிட்டேன்.

மருமகன் என் மகளை அடிப்பதை மாதக்கணக்கில் அதனிடம்தான் சொல்லிவந்தேன். அவனும் நானும் ஒரே படகு. எதிரெதிரே நின்று வலை இழுப்போம். ஒரு நாளும் நான் அவனைக் கேட்டதில்லை.

அவள் கை ஒடிந்து என் வீட்டுக்கு வந்தாள். கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷனுக்குப் போனவளிடம், "புருசன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் ஜீப் அனுப்ப முடியுமாளா, வீட்டுக்குப் போ" என்றார்கள். அன்றைக்குத்தான் செல்லிடம் சொன்னேன், "கடல்ல வச்சு அவனத் தள்ளிவிட்டுருவேன்" என்று. அது பதமாக ஆறுதல் சொன்னது. மறுநாளும் அவனோடு போய் வலை இழுத்து, அவனோடுதான் கரைக்கு வந்தேன்.

அந்த வாரமே எனக்கு ஜீப் வந்தது.

"என்னவே, மருமவனக் கடல்ல தள்ளப் போறீராமே? பாத்தா பூனை கணக்கா இருக்கீரு" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த ஏஐ கம்பெனிக்காரர்களே அனுப்பினார்களாம். நான் சொன்னதை அப்படியே வாசித்தார்.

"அதக் குடுக்க யாரு சார் சம்மதிச்சா?"

"நீருதான். மொதல்ல சம்மதம்னு அமுக்குனீருல்லா."

முதல் நாள் செல்லில் இங்கிலீஷில் நீளமாக என்னவோ வந்தது. அமுக்கினால்தான் உள்ளே விட்டது.

மகள் கை ஒடிந்ததையும் அதே செல்லிடம்தானே சொன்னேன், அது ஏன் இங்கே வரவில்லை என்று கேட்க நினைத்தேன்.

மருமகனையும் அழைத்திருந்தார்கள். "மாமா மேல கேஸ் வேண்டாம் சார். அவ வீட்டுக்கு வந்தாப் போதும்" என்றான். இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

எனக்காக மகள் அவன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாப்பா" என்றாள். "நான் யார்ட்டயும் சொல்லிருக்க மாட்டேன்."

ஒற்றைக் கையால் அவளால் பையைத் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் வைத்தேன்.