அப்பச்சி குரலுக்கு ஒரு ஆம்ப்ளிபயர்

கண்மாய் ரெண்டு வருசமா வெடிச்சுக் கெடந்துச்சு. மூணாம் வருசம் ஐப்பசியில பிடிச்ச மழை, மறுகால் பாய வச்சிட்டுத்தான் விட்டுச்சு. கேசட் கடைக்காரக எல்லாம் சிடிக்கு மாறுனது, எங்க தெருவுல மொத செல்போன் அடிச்சது, எல்லாம் அந்த வருசந்தான்.

வருசத்துக்கு நம்பர் கேக்காதீக. எனக்கு எழுத்தும் தெரியாது... நான் சொல்லச் சொல்ல பேத்தி போன்ல தட்டுறா.

அப்ப நான் சொக்கலிங்கம் செட்டியாரு நெலத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பேங்குல ரிட்டையர் ஆகி, மெட்ராசை விட்டுட்டு நாச்சியாபுரத்துப் பூர்வீக வீட்டுக்கே வந்துட்டாக. அவுகளும் சம்சாரம் உமையாள் ஆச்சியும், ரெண்டே பேரு. வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும்.

ஆச்சிக்குக் காது மந்தமாகிட்டு வந்துச்சு. காதுல மாட்டுற மிசினு விசிலடிக்குதுன்னு கழட்டி வச்சிட்டாக. இன்னும் கொஞ்ச வருசம், அப்பறம் சுத்தமா கேக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.

ஆச்சிகிட்ட ஒரு கேசட் இருந்துச்சு. அவுக அப்பா பினாங்குல இருந்து பேசி அனுப்புனது. அப்பாவை அவுக அப்பச்சின்னு சொல்லுவாக. அங்கயே தவறிட்டாக அப்பச்சி. கேசட் முடியுற எடத்துல குரலைத் தாழ்த்தி என்னமோ சொல்லியிருக்காக... அது என்னன்னு யாருக்கும் பிடிபடலை. சின்ன டேப்ரிக்கார்டர்ல போட்டா இரைச்சல்தான். நல்ல காது உள்ள எனக்கே பிடிபடலை.

"காது போறதுக்குள்ள அதை மட்டும் கேட்டுப்புடணும்"னாக ஆச்சி.

அதுக்குத்தான் ஆம்ப்ளிபயர் வாங்கப் போனோம்.

காரைக்குடியில காதர் பாய் கடை. ஈயம் உருகுற வாசம் வாசல்லயே வரும். அங்க ரெண்டு செட்டு இருந்துச்சு. ஒண்ணு புதுசு, கருப்பு, பாட்டுக்குத் தக்கன லைட்டு ஏறி ஏறி எறங்கும். இன்னொண்ணு சிங்கப்பூர்ல இருந்து யாரோ கொண்டாந்து வித்தது. மரப்பெட்டி, வெள்ளித் திருகு, பழசு.

"பெருசாக் குடு காதரு. எங்க வீடு எம்புட்டுன்னு தெரியும்ல?"

"அண்ணே, கேக்கப் போறது வீடா, ஆச்சியா? அந்தப் பழசு போதும். விலையும் பாதிதான். பேச்சு தெளிவா விழுகும்."

"பழசை எந்தலையில கட்டப் பாக்குற."

"நல்லாருக்கே உங்க நாயம்! பெருசைக் கட்டுனாத்தானண்ணே எனக்கு லாபம்?"

செட்டியாரு கேக்கலை. பெருசுதான் வந்துச்சு. பஸ்சுல அதை மடியில வச்சுக்கிட்டு வந்தது நான்.

டேப்ரிக்கார்டரை அதோட ஒயர் போட்டு மாட்டி, ஸ்பீக்கரை வளவுல வச்சோம். நடுவுல வானம் பாத்த முத்தம், சுத்தித் தாழ்வாரம். செவரு முகம் பாக்குற மாதிரி வழுவழுன்னு இருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் புறா பூராம் பறந்துருச்சு. அப்பச்சி ஒரு தடவை சொன்னதை செவரு நாலு தடவை சொல்லுது.

"என்ன இது, எங்கப்பச்சி கெணத்துக்குள்ளயா நிக்கிறாக?"

செட்டியாரு இன்னும் கூட்டுனாக. இன்னும் மோசம். தெனம் மாத்தி மாத்தித் திருகிப் பாத்தாக. கடைசியில ஆச்சியே, "விடுங்க, எனக்குக் குடுப்பினை இல்லை"ன்னு கேசட்டை எடுத்து உள்ள வச்சிட்டாக. செட்டியாரு அன்னைக்குச் சரியாச் சாப்பிடலை. செட்டைத் திருப்பி எடுத்துக்கிறச் சொல்லி காதர் பாய்க்கு ஆளனுப்புனாக.

அதுக்குள்ள மழை பிடிச்சிருச்சு. சீர்சாமான் வச்சிருந்த அறை ஒழுகி, ஆச்சி கல்யாணத்துக்கு வந்த மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் நனைஞ்சு போச்சு. நானும் செட்டியாரும் தூக்கியாந்து, தாழ்வாரத்துல தூணுக்குத் தூணு கயிறு கட்டித் தொங்கவிட்டோம். செவரே தெரியலை.

காதர் பாய் அந்தச் சமயத்துல வந்தாரு. எதுக்கும் இருக்கட்டும்னு பழசையும் கையோட கொண்டாந்திருந்தாரு. எடுக்குமுன்ன ஒரு தடவை பாக்குறேன்னு, ஆச்சிகிட்ட அந்தக் கேசட்டை வாங்கி கருப்புச் செட்டுலயே போட்டாரு...

எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். மனுசன் பேசுற மாதிரி இருக்கு. ஒத்தை மனுசன்.

"செட்டு என்னண்ணே பண்ணும்? உங்க வீடுல்ல இம்புட்டு நாளும் கூடக்கூடப் பேசிக்கிட்டு இருந்திருக்கு. ஜமுக்காளம் செவத்தை மூடுனதும் அடங்கிருச்சு."

கருப்புச் செட்டைக் கழட்டிட்டுப் பழசை மாட்டுனாரு. இரைச்சலைக் கொறைச்சு, குரலைத் தூக்கிவிட்டாரு. ஆச்சி கீழ உக்காந்து ஸ்பீக்கர்ல காதை ஒட்டிக்கிட்டாக. கேசட் முடியுற எடம் வந்துச்சு. பினாங்குல அதைப் பதிஞ்ச ஆளுகிட்ட அப்பச்சி சொல்லியிருக்காக:

"போதும், நிப்பாட்டு. இன்னும் பேசுனா எம்பிள்ளை அழுதுரும்."

ஆச்சி வாய் அதை ஒருதரம் சொல்லிப் பாத்துச்சு. அப்பறம் எங்களை நிமிந்து பாத்தாக.

"நான் எங்க அழுதேன்? இந்தா, இவுகதான் அழுகுறாக"ன்னு செட்டியாரைக் காட்டுனாக.

பழைய செட்டு அங்கயே தங்கிருச்சு. மழை விட்டும் ஜமுக்காளத்தை எறக்க ஆச்சி விடலை. பொங்கலுக்கு வந்த பங்காளிக, "என்ன ஆச்சி, வண்ணாந்துறையா வளவு?"ன்னு கேலி பண்ணுனாக. ஆச்சிக்குக் கேக்கலை. கேட்டும் கேக்காத மாதிரி இருந்தாகளோ என்னமோ.

இப்ப எம்பேத்தி பாட்டுக் கேக்க கையளவு டப்பா ஒண்ணு வச்சிருக்கா. ஒயரு கெடையாது. போன்ல பாத்து, போன்லயே வாங்குனது. நல்லாத்தான் கேக்குது, குறை சொல்ல ஒண்ணுமில்லை. கடைக்காரன்கூட ஒரு வார்த்தை மல்லுக்கு நிக்க வேண்டியதில்லை...

செட்டியாரு போயிட்டாக. அடுத்து காதர் பாயும் போயிட்டாரு. அந்தக் கடையில இப்ப செல்போன் கவர் தொங்குது. வளவு பூட்டிக் கெடக்கு.

அன்னைக்கு அங்க நின்னதுல, என்னைத் தவிர இருக்கறது ஒரே ஆளு. மெட்ராசுல மகன் வீட்டுல இருக்காக. டாக்டரு சொன்னபடியே காது சுத்தமாப் போயிருச்சு. பேரன் பாட்டுப் போட்டா, பக்கத்துல வந்து அவன் ஸ்பீக்கர் மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு, முடியுற வரைக்கும் எடுக்காம உக்காந்திருப்பாகளாம்... உமையாள் ஆச்சி.