பாடத் தெரியாத பெண்ணின் நாத ஆராய்ச்சி

அபிராமபுரம் வீணை டீச்சர் விஜயலக்ஷ்மி பொய் சொல்லமாட்டாள். உண்மையைக் கொஞ்சம் நறுக்கிப் பரிமாறுவாள், அவ்வளவுதான். தொண்ணூற்றாறில் மகள் சாருலதா பிளாக் ஹோலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அதைச் சொன்னதுமே இரண்டு ஜாதகங்கள் திரும்பிப் போய்விட்டன. "தட்டின மணி மாதிரி அதுவும் அதிர்ந்து அடங்கும்மா" என்று மகள் என்றோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அடுத்து வந்த நங்கநல்லூர்க்காரர்களிடம், "பொண்ணு நாதத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றா" என்றுவிட்டாள்.

வந்தது வினை. பெண் பார்க்க வந்த பிள்ளையின் அம்மா கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஆராய்ச்சியே பண்றியே, ஒரு வர்ணம் பாடேன்" என்றாள். சாருவுக்கு சரளி வரிசையே தகராறு. விஜயலக்ஷ்மி அவசரமாக அந்தம்மாவுக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். இந்தச் சம்பந்தமும் கைநழுவப் போகிறதே!

சாரு பாடவில்லை. அம்மாவின் வீணையில் ஒரு தந்தியை மீட்டினாள்.

"கேட்டேளா மாமி? என்ன ஸ்ருதி, எவ்வளவு சீக்கிரம் அடங்கறதுன்னு பார்த்தாலே தந்தி எப்படிப்பட்டதுன்னு சொல்லிடலாம். ரெண்டு பிளாக் ஹோல் மோதி ஒண்ணானாலும் அப்படித்தான். புதுசா உண்டானது கொஞ்சம் நடுங்கிட்டு அடங்கிடும். அந்த நடுக்கம் ஈர்ப்பு அலையா வெளியில பரவும். அதை வெச்சே அது எத்தனை கனம், எவ்வளவு வேகமாச் சுத்தறதுன்னு கண்டுபிடிச்சுடலாம்."

"அதை யார் கேட்டா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்கலை. அமெரிக்காவுல இப்பதான் கருவி கட்டிண்டிருக்கா."

"யாருமே கேட்காததுக்கா ஆராய்ச்சி?" மாமி சிரித்தாள். "போகட்டும், கல்யாணத்துக்கப்புறம் விட்டுட்டாப் போச்சு."

சாருவின் முகம் செத்துப்போயிற்று. மகள் இத்தனை ஆசையாகப் பேசி விஜயலக்ஷ்மி கேட்டதேயில்லை. கேட்க அவள் உட்கார்ந்ததுமில்லை. பெற்ற வயிறு எரிந்தது.

"விடமாட்டா மாமி" என்றாள். "நான்தான் சரியாச் சொல்லலை. அவ படிக்கறது பௌதிகம். கல்யாணம் ஆனாலும் படிப்பா."

பிள்ளை என்னவோ சொல்ல வாயெடுத்தான். அம்மா பார்த்த பார்வையில் செருப்பைத் தேடப் போய்விட்டான்.

மறுநாள் தரகர் போன் செய்து, "என்ன மாமி, நல்ல இடத்தை இப்படிக் கெடுத்துட்டேளே?" என்று அலுத்துக்கொண்டார். அடுத்த இடத்தில் என்ன சொல்லட்டும் என்றும் கேட்டார்.

"பொண்ணு பிளாக் ஹோல்ல ஆராய்ச்சி பண்றா. பாட வராது. விடவும் மாட்டா" என்றாள் விஜயலக்ஷ்மி. "இதைக் கேட்டுட்டும் வரவாளை மட்டும் அனுப்புங்கோ."