ஒன்பது ஷாட்டும் ஒரு பாஸும்

கல்லூரி ஹாக்கி அணியில் ஆடும் மகளுக்கு, "அடிச்சுக்கிட்டே இரு, கோல் தானா விழும்" என்று யோசனை சொன்னவன் நான்தான். இத்தனைக்கும் ஓசூர் தொழிற்சாலையில் தரம் பார்த்து, பழுதான பாகங்களைக் கழிப்பதுதான் என் வேலை.

கிருஷ்ணகிரியில் நடந்த அரையிறுதியில் இடைவேளைக்குள் ஒன்பது முறை அடித்தாள். ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் ஒன்பதையும் பெருமையாக நோட்டில் குறித்தேன். பயிற்சியாளர் அவளிடம், "இன்னொரு தடவ கண்டபடி அடிச்சா வெளிய ஒக்கார வெச்சிருவேன், பாத்துக்கோ" என்றார்.

கடைசி நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை. பந்து அவளிடம் வந்தது. "அடி!" என்று கத்தினேன். அவளோ தடுக்க ஆளில்லாமல் நின்ற தோழிக்குத் தள்ளிவிட்டாள். கோல்!

என் பேச்சைக் கேட்காத பிள்ளையைத் தந்த தெய்வத்துக்கு மனதார நன்றி சொன்னேன். திரும்பும் பேருந்தில், என் பேச்சைக் கேட்காததற்கு அவளுக்கும் நன்றி சொன்னேன்.

"நீ கத்துனது கேக்கலப்பா. கேட்டிருந்தா அடிச்சிருப்பேன்" என்றாள்.