அண்ணி போட்ட கையெழுத்து

ஈரச் சட்டையைக் கொடியில் போடுவதற்கு முன், என் நாத்தனார் அதன் பைக்குள் கையை விட்டு அதை வெளிப்புறமாகத் திருப்பிவிடுவார். பை காயாவிட்டால் சட்டை முழுக்க நாறும் என்பார். இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருடங்களாக அதைப் பார்க்கிறேன். ஆனால் சட்டைகள் மட்டும் வாரத்துக்கு வாரம் வேறு வேறு ஆண்களுடையவை.

என் கணவரின் அக்கா என்பதால் நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கணவரை இழந்தவர். பொது ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே விரிப்புகளும் தலையணை உறைகளும்தான் துவைப்பார்கள். நோயாளிகளின் சொந்தத் துணியை வீட்டார் எடுத்துப் போக வேண்டும். பார்க்க ஆள் வராதவர்களின் துணி கட்டிலடியில் சுருண்டு கிடக்கும். அதைத்தான் அண்ணி பையில் திணித்துக்கொண்டு வருவார். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

மாடிவீட்டு அக்கா சும்மா இருப்பாரா?

"என்னம்மா, இந்த வாரம் கோடு போட்ட சட்டையா? போன வாரத்து ஆளை விட இவரு குண்டு போலிருக்கே!"

"ஆமாக்கா, நல்ல தொப்பை. ரெண்டு பட்டன் தெறிச்சுப் போச்சு. உங்க டப்பாவுல இருந்தா குடுங்க."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே டப்பாவை எடுத்து வருவார்.

மூன்று வருடங்களுக்கு முன் கட்டட வேலை செய்யும் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்கிருந்தோ பிழைக்க வந்தவர். அவர் மொழி அந்த வார்டில் ஒருவருக்கும் தெரியாது. கொண்டுவந்து போட்ட மேஸ்திரி அதோடு ஆளையே காணோம். பாதம் அழுகத் தொடங்கியது. துவைத்த சட்டையை அண்ணி திருப்பிக் கொடுக்கப் போனபோது நர்ஸ் சொன்னார்:

"சட்டை வெளுத்து என்னக்கா ஆகப்போகுது? பாதத்தை எடுத்தா உயிர் நிக்கும். சொந்தக்காரங்க கையெழுத்துப் போடணும். அதுக்கு ஆள் ஏது?"

அண்ணி அந்த மனிதரிடம் போனார். தன் பாதத்தைத் தொட்டுக் காட்டி, கையால் அறுப்பதுபோல் செய்து, பிறகு நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அவர் போர்வையை விலக்கித் தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். அண்ணி நர்ஸிடம் திரும்பினார்.

"எங்க போடணும்? தங்கச்சின்னு எழுதிக்கோ."

"அவரு உங்களைவிடச் சின்னவரா இருக்காரே!"

"அப்ப அக்கான்னு எழுது."

"சர்ச்சுக்குப் போறவங்க, பொய் சொல்றீங்களே?"

"ஞாயித்துக்கிழமை எல்லாருமா 'எங்கள் பிதாவே'ன்னு ஒரே அப்பாவைக் கூப்பிடுறோம். திங்கட்கிழமை இவன் என் தம்பி இல்லேன்னு சொன்னா அதுதான் பொய்."

நர்ஸ் பேனாவை நீட்டினார்.

முப்பது வருடம் அங்கே வேலை பார்த்தும் அண்ணி ஒன்றை யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்தான் ஆளைக் கூட்டிப் போகவும் வேண்டும். இருபதாம் நாள் சலவைக்கூடத்துக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள்: "உங்க தம்பிய அனுப்புறோம், வாங்க."

அன்று மாலை இரண்டு ஊன்றுகோல்களோடு அவர் எங்கள் வாசலில் நின்றார். என் கணவர் தலையில் கை வைத்தார்.

"சட்டையக் கொண்டு வந்தப்பவே நான் கேட்டிருக்கணும்க்கா! இப்ப சட்டைக்குள்ள இருந்த ஆளையே கொண்டு வந்துட்டியே!"

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியில விட்டுட்டு வர மனசு வரல."

"நாலு பேர் படுக்கவே இடமில்ல. எங்க படுக்க வைப்ப?"

வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்க வேண்டும். அந்த மனிதர் சத்தமில்லாமல் திரும்பி, தெருவை நோக்கி ஊன்றுகோலை எடுத்து வைத்தார். ஒரு கோல் வழுக்கியது. எட்டிப் பிடித்தது அண்ணியல்ல, என் கணவர்தான்.

"ஒத்தக் காலோட எங்கய்யா போறீங்க? வாங்க உள்ள!" என்று அதட்டியபடியே அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார். நான் பின்னறையிலிருந்த தையல் மிஷினைக் கூடத்துக்கு நகர்த்தினேன்.

சபையில் சிலர் இதெல்லாம் அதிகம் என்றார்கள். அண்ணியோ மறுவாரமும் துணிப்பையோடுதான் வந்தார்.

அந்த மனிதர் தன் ஊருக்குப் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. செயற்கைப் பாதம் பொருத்திக்கொண்டு ஒரு தச்சுப் பட்டறையில் உட்கார்ந்தபடி நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கிறார். எங்கள் பேச்சு அவருக்கு நன்றாகவே வந்துவிட்டது. என் மகளோடு சண்டை போடும் அளவுக்கு. அண்ணிக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஐந்து பேர்.