குப்பைக்குக் காவல்

பெரிய மார்க்கெட்டைத் தாண்டி முதலியார்பேட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகில் ‘கடல் நம் தாய்’ என்று அச்சடித்த பச்சை பனியன். வேறு சட்டை இல்லாததால் அதையே போட்டிருந்தேன். அதைக் கொடுத்த கம்பெனியை விட்டுத்தான் வந்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு வேலை, குப்பையைக் காவல் காப்பது.

மாசிமகத்துக்குச் சாமிகள் கடலாட வந்த அன்று, அந்தக் கம்பெனி கரையில் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றியது. காகிதக் கப் செய்து விற்கிற கம்பெனி. மோரும் அவர்கள் கப்பில்தான். ‘மண்ணோடு மக்கிவிடும்’ என்று பேனர் வேறு. சாமிகள் திரும்பியபோது வீசியெறிந்த கப்புகளில் மணலே தெரியவில்லை. மறுநாள் ஊழியர்கள் வந்து கடற்கரையைச் சுத்தம் செய்வதாகத் திட்டம், போட்டோக்காரரோடு. அதுவரை யாரும் கூட்டிவிடக் கூடாது என்று சாப்பாடு போட்டு என்னை உட்காரவைத்தார்கள். முன்பு ஓர் ஊரில் பிணவறை வாசலில் காவலிருந்தேன். அது இதைவிட மரியாதையான வேலை.

விடிந்ததும் குப்பத்திலிருந்து ஓர் அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

“கூட்டக் கூடாதுக்கா. ஆபீசருங்க வந்து கூட்டுவாங்களாம்.”

“ஏன்யா, அவுங்க ஊட்டுல கூட்டறதுக்கு எடம் இல்லியா?”

“போட்டோ எடுக்கணுமாம்.”

“கரைக்காத்து அடிக்குது பாரு, எல்லாம் தண்ணிக்குப் பூடும். எங்க ஊட்டுக்காரரு கடல்ல புது வலை போட்டு வெச்சிருக்காரு. அதுல மாட்டிக்கிச்சின்னா ஒன் ஆபீசரா வந்து எடுப்பான்?”

போனில் கேட்டேன். “தொடவே விடாதே” என்றார் கம்பெனி அதிகாரி. அக்கா மணலில் காறித் துப்பிவிட்டுப் போனார். கப்புகள் உருண்டு உருண்டு கடலுக்குள் போயின.

டிபன் முடித்து அவர்கள் பஸ் வந்தபோது கரையில் பாதிகூட இல்லை.

“எங்கப்பா குப்பை? உன்னை எதுக்கு வெச்சேன்?” என்றார் அதிகாரி. கடலுக்குப் போனதில் அவருக்கு வருத்தமில்லை. படத்துக்குப் பத்தாது, அவ்வளவுதான். தெருமுனைத் தொட்டியிலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளிவந்து மணலில் கொட்டச் சொன்னார். டிரைவரும் கிளீனரும் கொட்டினார்கள். கையுறை மாட்டிய கூட்டம் ஆளுக்கொன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தது. படம் எடுத்தானதும் கையுறைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறியது.

“மிச்சத்தை நீ பாத்துக்கோ.”

“நீங்களே பாருங்க சார், உங்க தாய்தானே?”

அதற்குள் அக்கா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு துடைப்பங்களோடு வந்துவிட்டார். நான் நிற்காமல் நடையைக் கட்டினேன்.

ராத்திரி முதலியார்பேட்டையில் மூடிய கடை வாசலில் படுத்தேன். தூக்கம் நன்றாகவே வந்தது. காலையில் பசி. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் அந்த அக்கா மட்டும்தான். குப்பத்துக்குத் திரும்பினேன்.

வலையைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். மீனைவிடக் கப்பு அதிகம். காகிதம் ஊறிக் கரைந்து, உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தோல் கண்ணிகளில் சுற்றிக் கிடந்தது. வெடுக்கென்று இழுத்தால் கண்ணி அறுந்துவிடும்.

“இவன்தான்” என்று அக்கா வீட்டுக்காரரிடம் காட்டிக்கொடுத்தார். அடி விழும் என்று நினைத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தத் தலப்புலேர்ந்து ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்துக்கினு வா. கண்ணிய அறுத்துட்டீன்னா கஞ்சி கெடையாது.”

உட்கார்ந்து முதல் கப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன்.