படத்தில் அவளுக்கு ஓர் அறை கிடைத்தது

இங்கிலாந்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். நாலு வருடமாக மகன் வீட்டில் மீன் ஆணம் காய்ச்சுகிறேன், எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. பஸ் ஓட்டப் பழகியிருக்க வேண்டும்.

அப்படி ஒரு பஸ்ஸில்தான் பக்கத்து வீட்டு மார்கரெட் என்னையும் மருமகள் ஃபாத்திமாவையும் படத்துக்குக் கூட்டிப் போனாள். வேறு நாட்டிலிருந்து வாழ வந்த ஒருத்தியின் கதை. புருஷன் வெளியே விடமாட்டான். அவள் ஒளிந்து ஒளிந்து பாஷை படித்து, சலவைக்கடையில் வேலை தேடி, கடைசியில் ஒரு வாடகை அறைக் கதவைத் தானே திறக்கிறாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஓவென்று அழுதேன். நானும் அப்படித் தப்பி வந்தவள் என்று நினைத்து மார்கரெட் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"மாமி, நீங்க ரெம்ப தைரியசாலியாம்," என்றாள் ஃபாத்திமா.

"தப்பிச்சு வரல, தப்பிச்சுப் போகத்தான் வழி தேடுதேன்னு சொல்லு."

ஃபாத்திமா அதைச் சொல்லவில்லை.

தாமிரபரணி கடலில் சேரும் பக்கம் எங்கள் காயல்பட்டினம். எங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். உம்மா எனக்குத் தந்த வீட்டில் என் மாப்பிள்ளை நாற்பது வருடம் விருந்தாளி. கோபம் வந்தால், "எங்க வீட்டுக்குப் போறேன்," என்பார். "பைய போங்க, படி தட்டும்," என்பேன். தேத்தண்ணி நேரத்துக்குத் திரும்பிவிடுவார். அவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு மகன் வந்து வீடு விற்கும் காகிதத்தை நீட்டினான். வீட்டைக் கொடுக்க எனக்குப் பெண் பிள்ளை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

படம் பார்த்து வந்ததும் அவனிடம் கேட்டேன்.

"மக்கா, என்னைய ஊருல கொண்டு விட்டுரு."

"அங்கன எங்க இருப்பிய உம்மா? வீடுதான் வித்தாச்சே."

"வாடகைக்கு ஒரு அறை போதும்லே."

"மகன் இருக்க உம்மா வாடகை வீட்டுல கிடந்தா ஊரு என்ன சொல்லும்? ஃபாத்திமா வீட்டுல போய் இருங்க. அதுவும் நம்ம வீடுதானே."

ஃபாத்திமா தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை அங்கே இருக்கலாம். மாப்பிள்ளையின் தாய் பெட்டியோடு போய்ச் சம்பந்தி வீட்டில் குடியேறிய கதை எங்கள் தெருவில் கிடையாது. அவள் அதை மறக்கவில்லை. அவன் மறந்துவிட்டான்.

"நல்லவேளை, படத்துக்காரிக்குப் புருஷன் மட்டும்தாம்லே. வளர்ந்த மகன் இருந்திருந்தா எப்படித் தப்பிச்சிருப்பா?" என்றேன். சிரித்தான்.

வரும் லீவுக்கு இரண்டு வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். சம்பந்தி வீடு என் வீட்டுக்கு எதிர் வரிசை. அங்கே ஜன்னல் பக்கம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் வாசலில் யார் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சம்பந்தி சாப்பிடக் கூப்பிடுவாள். அடுத்தவர் வீட்டில் முதல் அழைப்பிலேயே எழுந்து போகக் கூடாது. இரண்டாம் தடவை கூப்பிடட்டும் என்று காத்திருப்பேன்.