வாசமில்லாத வாயு: போடிமெட்டில் ஒரு புதன்கிழமை

ஏலக்காய் உலர்த்த எனக்கு விறகு வாங்கி மாளவில்லை. தோட்டக் கழிவை மூடிய இரும்புக் கலனில் போட்டு, காற்றைக் குறைத்துச் சூடாக்கினால் எரிவாயு வருகிறது, அதிலேயே காய் உலர்த்துகிறார்கள் என்றார்கள். அதைப் பார்க்கத்தான் போன செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மலையேறினேன்.

போடியில் காலை 7.10க்கு ஜீப்பு. போய்வர 1,800 ரூபாய். ஓட்டியவர் சின்னச்சாமி அண்ணன். போடிமெட்டு 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் இரண்டு கிலோமீட்டரில் அந்த உலர்த்தும் கொட்டகை. டீ குடித்தும் 8.30க்குச் சேர்ந்துவிட்டோம்.

கலனைக் கவனிப்பவர் பாண்டியம்மா, நாற்பது வயதிருக்கும். காப்பித் தோலும் காய்ந்த ஏலத்தட்டையும் கலனுக்குள் போயின. பக்கத்து அறையில் வாயு நீலச் சுடராக எரிந்தது. குளிருக்காக அறையைச் சாத்தியிருந்தார்கள்.

9.40க்கு மின்சாரம் போனது. கலனுக்குக் காற்றுத் தரும் காற்றூதி நின்றது, சுடர் அணைந்தது. ஆனால் தணல் இருக்கும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும். என்னவென்று பார்க்க லோடு ஏற்றும் முத்து அறைக்குள் போனார். திரும்பவில்லை. நான் கதவை நோக்கி ஓடினேன்.

"உள்ள போகாதீங்கண்ணே! அந்த வாயு வெசம், வாசமே கெடையாது. நீங்களும் விழுந்துருவீங்க!" பாண்டியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

வாயுவை வெளிக்குழாய்க்குத் திருப்பினார். கதவையும் ஜன்னல்களையும் வெளியிலிருந்தே திறந்தார். முத்து ஆறடி உள்ளே குப்புறக் கிடந்தார். சாம்பல் வாரும் நீளக் கொக்கியை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே பாண்டியம்மா அவர் பெல்ட்டில் மாட்டினார். சின்னச்சாமி அண்ணனும் ஓடிவர, மூவரும் சேர்ந்து இழுத்தோம்.

மூச்சு இருந்தது. பேச்சில்லை.

"வெரசா ஏத்துங்க!" என்றார் சின்னச்சாமி. மூடுபனியில் ஹார்ன் அடித்துக்கொண்டே இறங்கினோம். பாண்டியம்மா, "முத்து, கண்ணத் தொற அப்பு" என்று கன்னத்தைத் தட்டியபடியே வந்தார். பாதி மலையில் முத்து வாந்தி எடுத்தார். ஒருவர் வாந்தி எடுத்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

10.50க்குப் போடி ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்று மணிக்கு, "தண்ணி" என்றார் முத்து. அதே நேரம் கொட்டகை முதலாளி பாண்டியம்மாவுக்குப் போன் செய்தார். பச்சைக்காய் கிடக்கிறதாம், வந்து பற்றவைக்க வேண்டுமாம்.

"ஒரு பக்கச் செவத்த இடிங்க, காத்து போகட்டும். அதுவரைக்கும் பத்தவைக்க மாட்டேன். காய் கெட்டாக் கெடட்டும்." போனை வைத்துவிட்டுப் பாண்டியம்மா முத்துவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

இந்த முறைமேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை. குப்பை உண்மையிலேயே காயை உலர்த்துகிறது. பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். எரியும் இடம் திறந்தவெளியா என்று முதலில் கேளுங்கள். சுடர் அணைந்தாலோ தலை வலித்தாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தேன். "செவரு போச்சுண்ணே," என்றார் பாண்டியம்மா. "நேத்துத்தான் பத்த வச்சேன்."